ஏமஸ் டார்கனுக்கு இன்னும் இரண்டு நிமிடம்

ஹாலிஸ்பரோ நகரத்தில் செத்துப்போவது எளிது. ஆவியாவதுதான் கஷ்டம். அதற்கு மனுப் போட வேண்டும், மூன்று பிரதிகளில்.

அமெரிக்காவில், கரோலினாவின் அந்த ஆற்றங்கரை ஊருக்குப் பஞ்சாலை மூடிய பிறகு பேய்கள்தான் சோறு போட்டன. பேய் வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். இந்தச் செல்வத்தைக் கட்டிக்காக்க நகரசபை 'பாரம்பரிய ஆவிகள் ஆணையம்' என்று ஒன்றை அமைத்தது. ஆணையம் விசாரித்து ஒப்புக்கொண்ட ஆவிக்குப் பித்தளைப் பலகை உண்டு. பலகை அடித்த இடத்தில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது, அது சட்டம்.

இதுவரை நாற்பத்து மூன்று பலகைகள். முதல் பலகை கர்னல் டார்கனுக்கு. அடுத்தடுத்து அவர் மனைவி, அவர் கைவிட்ட காதலி, அவர் குதிரை, அவர் வேட்டை நாய். பதினேழாவது பலகை ஒரு வாசனைக்கு. கர்னல் மாளிகையின் அடுக்களையில் ஆளில்லாத வேளையில் சோளரொட்டி மணக்கும். அது கர்னலின் மனைவி சுடும் ரொட்டி என்று பலகை சொல்கிறது. அந்த அம்மாள் ஆயுசில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று மாளிகையின் கையேட்டில் பெருமையாக அச்சடித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை.

நாற்பத்து மூன்றில் கறுப்பர் ஒருவரும் இல்லை. கேட்டால் ஆணையத் தலைவர் பிரெஸ்டன் டார்கன் வருத்தத்தோடு சொல்வார்: "நாங்க யாருக்கும் கதவை மூடலையே. அவங்க பக்கத்துலேர்ந்து மனுவே வரலை. விண்ணப்பிக்காத ஆவியை நான் எப்படிங்க அங்கீகரிக்கிறது?"

மனு வந்தது. போட்டவர் லூசியஸ் டார்கன், அறுபத்து நான்கு வயது, பள்ளிக்கூட பஸ் டிரைவர். தலைவரும் டார்கன், டிரைவரும் டார்கன். ஒரு காலத்தில் கர்னலுக்குச் சொந்தமாக இருந்தவை எல்லாவற்றின்மேலும் அவர் பெயர் எழுதியிருந்தது, மனிதர்கள் உட்பட. அந்த வகையில் வந்த பெயர் அது. தலைவர் லூசியஸைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே "நமக்குள்ள உறவு எதுவும் கிடையாது" என்பார். யாரும் கேட்காமலே சொல்வார்.

லூசியஸுக்கு அண்ணன் ஒருவன் இருந்தான், ஏமஸ். ஊரில் அப்போது அழகான நீச்சல் குளம் ஒன்று இருந்தது, நீலச் சுவரும் குதிக்கும் பலகையுமாக. அதில் எல்லாப் பிள்ளைகளையும் இறங்க விட வேண்டும் என்று 1967-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகரசபை தீர்ப்பை மதித்தது. எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்தும் வழி என்னவென்று ஒரு வாரம் யோசித்து, குளத்தில் மண்ணைக் கொட்டி மூடி, மேலே தார் போட்டு, வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கிளப்புக் குளத்துக்குப் போனார்கள். மற்ற பிள்ளைகள் ஆற்றுக்குப் போனார்கள். இரண்டு கோடை கழித்து ஆறு ஏமஸை எடுத்துக்கொண்டது. அவனுக்குப் பன்னிரண்டு வயது, லூசியஸுக்கு ஒன்பது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் லூசியஸ்தான்.

ஏமஸை வில்லோ திடலில் புதைத்தார்கள். ஆற்றோரத்தில் கறுப்பர்களின் பழைய இடுகாடு அது. பெயர் பொறித்த கல் வைக்க அங்கே யாருக்கும் வசதி கிடையாது. செத்தவர் கடைசியாகச் சாப்பிட்ட தட்டை உடைத்து மண்ணின்மேல் வைப்பார்கள், அந்த வீட்டுச் சாவு அதோடு முறியட்டும் என்று. உயிர் போன நேரத்தில் வீட்டுக் கடிகாரத்தை நிறுத்திக் கொண்டுபோய் வைப்பார்கள், போனவர் நிம்மதியாகப் படுக்கட்டும் என்று. ஏமஸின் அம்மா நீல நிற அலாரக் கடிகாரத்தை நான்கு பத்தில் நிறுத்தினாள். பின்பக்கத் தகட்டில் ஆணியால் 'ஏமஸ்' என்று கீறினாள். ஐம்பத்து ஐந்து வருஷம் அது நான்கு பத்திலேயே நின்றது.

போன வசந்தத்தில் ஆணையம் 'அக்கறை நாள்' கொண்டாடியது. ஊரின் கவனிக்கப்படாத மூலைகளை அன்போடு கவனிக்கும் நாள். 'நாமெல்லாம் ஒரே ஊர்' என்று அச்சடித்த பனியன் போட்டுக்கொண்டு எண்பது தொண்டர்கள் மஞ்சள் கையுறையோடு வில்லோ திடலில் இறங்கினார்கள். எத்தனை குப்பை! உடைந்த தட்டு, உடைந்த கோப்பை, கண்ணாடிச் சில்லு, ஓடாத கடிகாரம். அறுபத்து இரண்டு மூட்டை கட்டினார்கள். மாநில அளவில் இரண்டாம் பரிசு கிடைத்தது. சுத்தமாகிவிட்ட காலி மனையைப் பார்த்ததும் நகரசபைக்கு யோசனை வந்தது: சுற்றுலா பஸ்களுக்கு ஒரு நிறுத்துமிடம் வேண்டியிருக்கிறதே!

அடுத்த வாரம் லூசியஸின் பஸ்ஸில் ஈரக் காலடிகள் தோன்றின.

சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கடைசி வரிசையில் டிக் டிக் என்று சத்தம். நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தார். சீட்டுக்குக் கீழே சின்னதாக இரண்டு ஈரப் பாதத் தடம், ஆற்றுச் சேற்று வாடையோடு. மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாள் பாதங்கள் நடுவழியில் நடந்து வந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றிருந்தன. லூசியஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. பயத்தைவிட அவமானம்தான் அவரைத் தின்றது. அண்ணன் எழுந்து அலைகிறான், தம்பிக்கு அவனைப் படுக்க வைக்கத் துப்பில்லை.

பஸ் பட்டறை மெக்கானிக் பிக்ஸிடம் மட்டும் சொன்னார். பிக்ஸ் துணியில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"டேய் லூசியஸ், பேய் வந்தா பயந்து ஓடுறவனைப் பாத்திருக்கேன். பேய்க்கு சர்ட்டிபிகேட் வாங்க ஓடுறவனை இப்பத்தான்டா பாக்குறேன்."

"பலகை கெடைச்சா அங்க தார் ஊத்த முடியாதுல்ல? குளத்து மேல ஊத்துனாங்க. இப்ப அவன் மேலயும் ஊத்தப் போறாங்கடா."

பிக்ஸின் சிரிப்பு நின்றது. "போ. அந்தக் குதிரைக்கே குடுத்திருக்கானுங்க" என்றார்.

நகர மண்டபத்தின் எழுத்தர் கார்லா ஸ்டப்ஸ் வெள்ளைக்காரப் பெண்மணி. பகலில் இங்கே, மாலையில் மலிவுக் கடையில் கல்லா. அவள் மனுத்தாளைப் புரட்டிப் படித்தாள்.

"ஆவிக்குச் சொந்தமா வீடு இருந்துச்சா?"

"பன்னெண்டு வயசுப் பையனுக்கு ஏதும்மா வீடு?"

"அப்பாவுக்கு?"

"வாடகை."

கார்லா குரலைத் தாழ்த்தினாள். "வாடகை வீட்டு ஆவி செல்லாதுங்க. எங்க பெரியம்மா பஞ்சாலைத் தறியில மாட்டிச் செத்தா. இன்னும் அந்தப் பக்கம் போனா இருமல் சத்தம் கேக்கும். நானும் எழுதிப் போட்டேன். 'வாடகைக்குக் குடியிருப்போருக்கு நிரந்தரமாகத் தங்க உரிமையில்லை'ன்னு பதில் வந்துச்சு. நீங்க 'ஆறு'ன்னு போடுங்க. ஆறு யாருக்கும் வாடகை தர்றதில்ல."

உலாவும் காரணம் என்ற இடத்தில் காதல், போர், துரோகம், இதர என்று நான்கு கட்டங்கள். லூசியஸ் 'இதர'வில் குறியிட்டு 'நீச்சல் குளம்' என்று எழுதினார். கர்னல் டார்கனோடு இரத்த உறவு உண்டா, உண்டெனில் முன்னுரிமை, என்று ஒரு கேள்வி. கொஞ்ச நேரம் யோசித்து 'உண்டு' என்று எழுதினார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கண் நீல நிறம், அது எப்படி வந்தது என்று வீட்டில் யாரும் பேசியதில்லை.

இரண்டு வாரத்தில் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் மனு, பக்கத்தில் பூச்சாடி, பின்னால் ஏதோ பழம்பொருட்கள்.

"மிஸ்டர் டார்கன், உங்க மனுவைப் படிச்சுட்டு நான் ராத்திரி பூரா தூங்கலை. மனசு உருகிப்போச்சு. ஒரே ஒரு திருத்தம். இந்த உறவுக் கட்டம் இருக்கே, அது வாசல் பக்கத்து உறவுக்குத்தான். கொல்லைப் பக்கத்து உறவுக்கு வேற படிவம்."

"அது எங்க கெடைக்கும் சார்?"

"இன்னும் அச்சடிக்கலை."

மரணச் சான்று வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் பதிவேடுகள் இரண்டு. வெள்ளையர் பதிவேட்டை மாடியில் வைத்தார்கள். மற்றதை இடம் போதாமல் நிலவறையில் வைத்தார்கள், அங்கே வெள்ளம் புகுந்தது. "இயற்கைக்கு நிற வேற்றுமை தெரியுமா? பாவம், தண்ணீர் தன் போக்குல வந்துச்சு" என்று தலைவர் உச்சுக்கொட்டினார். லூசியஸுக்கு அந்த அறையில் எங்கோ டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் கேட்கும் அதே சத்தம். அவர் கேட்டதைச் சொல்லவில்லை, ஏற்கனவே பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்தது சமத்துவ உபகுழு. அதில் ஒரே ஓர் உறுப்பினர், டாக்டர் சிமோன் விட்லோ அம்மையார். ஆணையத்தின் ஒரே கறுப்பர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவரைப் பார்த்ததும் லூசியஸுக்கு நம்பிக்கை வந்தது. அம்மையார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்க வலி என் வலி. ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம ஆளுங்களோட முதல் ஆவி. அது ஈரத்தோட, செருப்பில்லாம, சேத்து வாடையோட வந்து நின்னா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? எப்பப் பாத்தாலும் நாம அழுதுக்கிட்டேதான் வரணுமா? ஒரு டாக்டர், ஒரு வக்கீல், அப்படி யாராச்சும் உங்க குடும்பத்துல செத்திருக்காங்களா?"

"இல்லைங்க. இவன்தான் செத்தான்."

"நீச்சல் தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பான்ல" என்று அம்மையார் பெருமூச்சு விட்டார். "எங்க குடியிருப்புல நாலு குளம் இருக்கு. பேரப்பிள்ளைங்களை எப்ப வேணா கூட்டிட்டு வாங்க. வாசல் கதவுக்கு ரகசிய எண் மட்டும் வேணும். அதை வெளியாளுங்களுக்குத் தரக் கூடாதுன்னு விதி."

பிறகு ஆய்வாளர் வந்தார். வெப்பமானி, ஈரமானி, ஒரு மடிப்பு நாற்காலி. பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பாதங்கள் அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாகத் தோன்றி அவர் நாற்காலி வரை வந்தன. ஆய்வாளர் முகம் வெளுத்துப்போய், கைக்குட்டையால் காலணியைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அறிக்கை மூன்றாம் நாள் வந்தது: 'ஆவி இருப்பது ஐயமற உறுதி. வரலாற்று முக்கியத்துவம் இல்லை.'

லூசியஸ் அதை நான்கு தடவை படித்தார். அண்ணன் இருக்கிறான் என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டதும், இருந்தும் ஒன்றுமில்லை என்று சொன்னதும் ஒரே தாளில் இருந்தன. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். பின்னால் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

நிறுத்துமிடம் பற்றிய இறுதிக் கூட்டம் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு. பொதுமக்கள் கருத்தை ஆணையம் மிகவும் மதிப்பதால், பொதுமக்கள் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டம் வைப்பது வழக்கம். லூசியஸின் பஸ்ஸை அன்று பிக்ஸ் ஓட்டினார். "பின்சீட்டுக்காரன் ஏறினா என்னடா சொல்றது?" என்று கேட்டார். "மண்டபத்துக்கு வரச் சொல்லு" என்றார் லூசியஸ்.

வாசலில் கார்லா பேச்சாளர் அட்டையை நீட்டினாள். லூசியஸ் பெயர் என்ற இடத்தில் 'ஏமஸ் டார்கன்' என்று எழுதினார்.

"இது உங்க பேரில்லையே."

"பேச வேண்டியது அவன்தானேம்மா. நான் வாய் மட்டும்."

"உள்ளூர்க்காரங்க மட்டும்தான் பேசலாம்."

"அம்பத்தஞ்சு வருஷமா ஊரைவிட்டு நகரல."

கார்லா முத்திரைக் கட்டையை எடுத்தாள். பிறகு அட்டையில் முத்திரை குத்தினாள்.

மேடையில் ஏழு உறுப்பினர்கள். தலைவர் எழுந்து, தாங்கள் கூடியிருக்கும் இந்த நிலம் ஒரு காலத்தில் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமாயிருந்தது என்று பணிவோடு நினைவுகூர்ந்தார்; நினைவுகூர்ந்ததற்கு எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு பெருமையோடு ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நண்பர்களே, நம்ம மின்கடிகாரத்துல பாரம்பரியக் களை இல்லைன்னு எனக்கு ரொம்ப நாளா குறை. அக்கறை நாள்ல குப்பையிலேர்ந்து இதைக் கண்டெடுத்தேன். எண்ணெய் விட்டு, சாவி குடுத்தேன், அவ்வளவுதான், என்னமா ஓடுது! போன மாசம் விதியையும் திருத்திட்டோம். பதினொன்றாம் விதி: குடிமகனுக்கான மூன்று நிமிடம் இந்தக் கடிகாரப்படியே, வேறு எந்தக் கடிகாரப்படியும் அல்ல. அந்த மூணு நிமிடம் தீர்ற வரைக்கும் அவரைத் தடுக்கவும் கூடாது, நிகழ்ச்சி நிரல்ல அடுத்த பொருளுக்குப் போகவும் கூடாது. இங்கே குடிமகன்தான் ராஜா."

நீல நிறக் கடிகாரம். ஒரு கால் இல்லை. லூசியஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அண்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது யார் என்று இப்போது தெரிந்தது. எண்ணெய் விட்டு, சாவி கொடுத்து, ஓடவிட்டிருக்கிறார்கள்.

"முதல் பேச்சாளர்" என்று தலைவர் அட்டையைப் படித்தார். "ஏமஸ் டார்கன்."

லூசியஸ் மைக் முன்னால் போய் நின்றார். கடிகாரத்தில் நான்கு ஒன்பது. எழுதி வந்த தாள் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. டிக் டிக் என்ற சத்தத்தை மண்டபமே கேட்டுக்கொண்டிருந்தது. முள் பத்தைத் தொட்டது. சத்தம் நின்றது.

தலைவர் கடிகாரத்தைத் தட்டினார். குலுக்கினார். சாவியைத் திருகினார், சாவி அசையவில்லை.

"அதைத் திருப்பிப் பாருங்க சார்" என்றார் லூசியஸ்.

தலைவர் திருப்பினார். ஒரு கையில் கடிகாரத்தின் முதுகு, மறுகையில் அட்டை. இரண்டிலும் ஒரே பெயர். அவர் வாய் அதைச் சத்தமில்லாமல் படித்தது.

"எங்கம்மா ஆணியால எழுதுனது" என்றார் லூசியஸ். "நீங்க குப்பைன்னு மூட்டை கட்டினது எல்லாம் கல்லறைங்க. ஒவ்வொரு தட்டுக்கும் கீழ ஒரு ஆள் இருக்கு."

வக்கீல் உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "பொருளை இடத்தைவிட்டு எடுத்துட்டதால, அந்த இடத்துக்கான சாட்சியா சட்டப்படி அது..."

"யார் எடுத்தாங்க?" என்றாள் கார்லா, குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல். எழுத்தர் பேசக் கூடாது என்று விதி உண்டு. யாருக்கும் அது அப்போது ஞாபகம் வரவில்லை.

ஏனென்றால் எல்லோரும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவிலிருந்து ஈரப் பாதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவசரமே இல்லை. லூசியஸைத் தாண்டி மேடைக்கு ஏறித் தலைவரின் மேஜை முன்னால் நின்றன. ஆற்று வாடை அடித்தது. டாக்டர் விட்லோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தன் அம்மாவின் பெயரைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தார். அவர் அம்மாவும் வில்லோ திடலில்தான் இருந்தாள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறான் சார்" என்றார் லூசியஸ். "குளம் எங்கன்னு கேக்குறான். பன்னெண்டு வயசுப் பையன். வெயில் காலம். சொல்லுங்க."

குளம் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. அதன்மேல் தலைவரின் கார் நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்தார், உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்.

லூசியஸ் படியேறிப் போய் மேஜையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார்.

"அது... அது என்னுது" என்றார் தலைவர்.

"உங்க பேரா எழுதியிருக்கு?"

யாரும் தடுக்கவில்லை. நேரம் தீரும்வரை குடிமகனைத் தடுக்கக் கூடாது என்பது விதி.

அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே, அவர் வில்லோ திடலுக்குப் போனார். அண்ணன் படுத்திருக்கும் இடம் அவருக்கு எந்தப் பலகையும் இல்லாமல் தெரியும். கடிகாரத்தை வைத்தார். வீட்டிலிருந்து தான் சாப்பிடும் தட்டைக் கொண்டுவந்திருந்தார். அதை உடைத்துப் பக்கத்தில் வைத்தார். "படுத்துக்கடா" என்றார். மறுநாள் பஸ்ஸின் தரை காய்ந்து கிடந்தது. ஒன்பது வயசில் வாய்விட்டு அழாததை அன்று அவர் பட்டறையில் அழுதார். பிக்ஸ் என்ஜினை ஓடவிட்டு வெளியே சத்தம் கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

ஆணையத்துக்குத்தான் நிம்மதி போயிற்று. ஏமஸ் டார்கனுக்கு இன்னும் இரண்டு நிமிடம் பாக்கியிருக்கிறது. அது தீராமல் அடுத்த பொருளுக்குப் போக முடியாது, நிறுத்துமிடத்தை ஓட்டுக்கு விடவும் முடியாது. விதியைத் திருத்தலாம் என்றால் அதுவும் அடுத்த பொருள்தான். லூசியஸுக்குக் கடிதம் மேல் கடிதம் வருகிறது, தங்கள் வசதிப்படி வந்து மீதி நேரத்தை நிறைவு செய்யும்படி. அவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் எழுதுகிறார்: பேச்சாளர் நான் இல்லை.

ஆகவே மாதாமாதம் வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஏழு பேர் கூடுகிறார்கள். தலைவர் அட்டையை எடுத்து, மைக்கில், உரக்க, "ஏமஸ் டார்கன்" என்று கூப்பிடுகிறார். கார்லா எழுதிக்கொள்கிறாள்: 'ஏமஸ் டார்கன், வயது 12. இரண்டு நிமிடம் மீதி.' நகரத்தின் ஆவணங்களில் அந்தப் பெயர் இதுவரை பதினான்கு இடத்தில் பதிவாகிவிட்டது, கர்னலைவிட அதிகம்.

கூப்பிட்ட பிறகு யாரும் பேசுவதில்லை. கதவு திறப்பதுமில்லை. ஆனாலும் ஏழு பேரும் கம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.